பெருந்தமனி அறுவைக்குப் பிறகு எப்போது வேலைக்குப் போகலாம்? மருத்துவர் பதில்கள்

இதயத்திலிருந்து புறப்பட்டு, மார்புக்குள் வளைந்து திரும்பி, முதுகெலும்பை ஒட்டி வயிறு வரை இறங்குகிற பெருந்தமனியில் அறுவை சிகிச்சை செய்துகொண்ட வாசகர்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் எழுதிய கடிதங்களை இந்த இதழில் ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். எழுதியவர்களின் தொழிலும் வயதும் வேறு வேறாக இருந்தாலும், ஏறத்தாழ எல்லாக் கடிதங்களும் வேலையைப் பற்றியே கேட்கின்றன. உயிர் பிழைத்த நிம்மதி அடங்கியதும் அடுத்து எழுகிற கேள்வி அதுதான் என்பதால் விரிவாகவே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 44. சரக்குக் கிடங்கில் வேலை செய்கிறேன். 25, 30 கிலோ எடையுள்ள பெட்டிகளைத் தூக்கி அடுக்க வேண்டியிருக்கும். பத்து வாரங்களுக்கு முன் நெஞ்சைக் கிழிப்பது போன்ற வலி திடீரென்று வந்தது. பெருந்தமனி உள்ளுக்குள் பிளந்துவிட்டது என்று சொல்லி அன்று இரவே நெஞ்சைத் திறந்து அறுவை செய்து, இதயத்தை ஒட்டிய பகுதியை நீக்கிச் செயற்கைக் குழாய் வைத்தார்கள். இப்போது காயம் ஆறிவிட்டது, நன்றாக நடக்கிறேன். ஒரு மருத்துவர் மூன்று மாதம் என்கிறார், மற்றொருவர் ஆறு மாதம் என்கிறார். இதே அறுவையைச் செய்துகொண்ட ஒருவர் எட்டு வாரத்திலேயே அலுவலகம் போய்விட்டதாகச் சொல்கிறார். யார் சொல்வதை எடுத்துக்கொள்வது?

பதில்: மூவர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம், ஏனென்றால் மூவரும் வேறு வேறு விஷயங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். நாள்காட்டியில் ஒரு தேதியைக் குறித்து அன்று முதல் வேலை என்று சொல்லிவிட முடிகிற அறுவை இது அல்ல. எலும்பு, உடம்பின் பொதுவான தெம்பு, மீதமுள்ள பெருந்தமனி ஆகிய மூன்றும் தனித்தனி வேகத்தில் தேறுகின்றன; உங்கள் வேலை அந்த மூன்றில் எதன் மேல் சுமையை ஏற்றுகிறது என்பதைப் பார்த்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

நடுவில் அறுத்துத் திறந்த மார்பெலும்பை அறுவை முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கம்பி சேர்த்துப் பிடித்திருக்குமே தவிர, ஒட்டிக்கொள்வது எலும்பு தானே செய்ய வேண்டிய வேலை. அதற்கு 8 முதல் 12 வாரங்கள் ஆகின்றன. முதல் சில வாரங்களில் ஐந்து கிலோவைக் கூடத் தூக்காதீர்கள், கைகளை அழுத்தி ஊன்றி எழாதீர்கள் என்று சொல்லி அனுப்புவது இதற்காகத்தான். இருமும்போதோ புரண்டு படுக்கும்போதோ மார்பெலும்பில் ‘டக்’ என்று சத்தம் கேட்டாலும், இரண்டு பாதிகளும் உரசி அசைவது போலத் தோன்றினாலும் வேலையைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு அறுவை நிபுணரைப் பாருங்கள். தெம்பு இதைவிட மெதுவாக வருகிறது. ரத்த இழப்பு, இதய-நுரையீரல் இயந்திரத்தில் இருந்த நேரம், படுக்கையில் கரைந்துபோன தசை, இதயத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரைகள் எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு மாதங்கள் வரை பிற்பகலானால் உடம்பைப் படுக்கையில் தள்ளும். மேசை வேலைக்காரர் எட்டு வாரத்தில் அலுவலகம் போனது இந்த இரண்டையும் மட்டும் கணக்கில் எடுத்து.

உங்கள் விஷயத்தில் முடிவு சொல்லப்போவது மூன்றாவதுதான். பெருந்தமனியின் சுவர் மூன்று அடுக்குகளால் ஆனது. உள் அடுக்கு கிழிந்து, ரத்தம் அந்தக் கிழிசல் வழியே நடு அடுக்குக்குள் புகுந்து, சுவரையே இரண்டாகப் பிரித்துக்கொண்டு போவதைத்தான் பிளவு என்கிறோம். இதயத்தை ஒட்டிய பகுதியில் அது நேரும்போது எந்த நேரமும் வெடித்து இதய உறைக்குள் ரத்தம் நிரம்பிவிடும் என்பதால் இரவென்றும் பாராமல் அறுவை செய்து அந்தப் பகுதியை மாற்றுகிறோம். ஆனால் பலருக்குப் பிளவு அங்கேயே நின்றிருக்காது. வளைவைத் தாண்டி முதுகுப் பக்கமாக இறங்கி, சிலருக்கு வயிறு வரையிலும் போயிருக்கும். அந்த அவசர அறுவை கீழே உள்ள அந்தப் பிளவை நீக்குவதில்லை. உங்களுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் டேக்ரான் எனப்படும் பாலியெஸ்டர் இழையால் நெய்த குழாயாக இருக்கும், அது பல்லாண்டு தாங்கும். “உள்ளே வைத்த குழாய் கழன்றுவிடுமோ” என்று அஞ்சுபவர்களிடம் நான் சொல்வது, இப்போது உங்கள் பெருந்தமனியிலேயே உறுதியான பகுதி அந்தக் குழாய்தான், காப்பாற்ற வேண்டியது அதற்கு அடுத்திருக்கும் உங்கள் சொந்தச் சுவரை என்பதுதான்.

ஆகவே உங்கள் அறுவை நிபுணரிடம் “எத்தனை மாதம்?” என்று கேட்பதற்கு முன், மீதமுள்ள பெருந்தமனியில் பிளவு இருக்கிறதா, எதுவரை போகிறது, அகலம் எத்தனை சென்டிமீட்டர் என்று கேளுங்கள். அறுவைக்குப் பின் எடுத்த சி.டி. ஸ்கேனில் இதற்கு விடை இருக்கும். பிளவு முழுவதும் நீங்கி, அகலமும் இயல்பாக இருப்பவர் ஒரு வகை. கீழே பிளவு தங்கிவிட்டவர் வேறு வகை. இருவருக்கும் நெஞ்சில் ஒரே தழும்புதான் இருக்கும், ஆனால் இருவருக்கும் ஒரே வேலையைச் சிபாரிசு செய்ய முடியாது.

பாரம் தூக்குவதில் உள்ள ஆபத்து எடையில் மட்டும் இல்லை, தூக்குகிற விதத்திலும் இருக்கிறது. கனமான பொருளைத் தரையிலிருந்து கிளப்பும்போது நாம் நம்மை அறியாமல் மூச்சைப் பிடித்து முக்குகிறோம். அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் செங்குத்தாக ஏறுகிறது. 1980-களில் உடற்பயிற்சி வீரர்களின் தமனிக்குள்ளேயே கருவியைச் செருகி அளந்தபோது, மிகக் கனமான எடையைக் கால்களால் தள்ளும் நேரத்தில் மேல் அழுத்தம் 300-ஐத் தாண்டியது தெரியவந்தது. அது உச்சகட்டப் பயிற்சி என்றாலும், பெட்டி தூக்குபவருக்கும் நடப்பது அதே வகையைச் சேர்ந்ததுதான். நடக்கும்போது இப்படி ஆவதில்லை. தசைகளுக்குள் ரத்தக் குழாய்கள் விரிந்து கொடுப்பதால் அழுத்தம் மெல்ல ஏறி மெல்ல இறங்குகிறது. ஐந்து கிலோமீட்டர் நடக்க முடிகிற உங்களை 30 கிலோ பெட்டியைத் தூக்க வேண்டாம் என்று சொல்வது முரண்பாடாகத் தோன்றினாலும், காரணம் இதுதான்.

என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். பத்து வாரத்தில் மட்டுமல்ல, மூன்று மாதத்திலும் நீங்கள் பழைய சுமை தூக்கும் வேலைக்குப் போகக்கூடாது. கீழே பிளவு தங்கியிருந்தால் ஆறு மாதம் ஆனாலும் அந்த வேலைக்குத் திரும்புவது சரியல்ல என்றே நினைக்கிறேன். அதே கிடங்கில் சரக்குக் கணக்கு, சரிபார்ப்பு, மேற்பார்வை போன்ற வேலை கிடைக்குமானால் மூன்று மாதம் முடிந்த பிறகு அரை நாளாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் தொடங்கலாம். எல்லோருக்கும் பொருந்துகிற ஒரே கிலோக் கணக்கு இதில் இல்லை. உங்களுக்கான வரம்பை நிபுணரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள், அதற்குள்ளும் பேசிக்கொண்டே தூக்க முடியாத எதையும் தூக்காதீர்கள். பேச முடியவில்லை என்றால் நீங்கள் மூச்சைப் பிடித்திருக்கிறீர்கள்.

வேலைக்குப் போகும் முன் இதய மறுவாழ்வுப் பயிற்சியில் சேர முடிந்தால் கட்டாயம் சேருங்கள். உங்கள் வேலையில் உள்ள அசைவுகளை அங்கே கண்காணிப்பின் கீழ் செய்து பார்த்து, அப்போதைய ரத்த அழுத்தத்தை அளக்க முடியும். வேலை தொடங்கிய முதல் மாதத்தில் 24 மணி நேர ரத்த அழுத்தக் கருவியை வேலை நாளிலேயே கட்டிக்கொண்டு அளவெடுக்கச் சொல்லுங்கள். மருத்துவரின் அறையில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும்போது வரும் எண் கிடங்கில் நடப்பதைச் சொல்லாது. பொதுவாக 130/80-க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது இலக்கு. பிளவு மீதமிருப்பவர்களுக்குத் தலைசுற்றல் வராத அளவில் மேல் அழுத்தத்தை 120-க்கும் கீழே வைத்துக்கொள்ளவே பல நிபுணர்கள் விரும்புகிறார்கள்.

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை, வயது 51. பெருந்தமனியின் வளைவில் இருந்த வீக்கத்துக்கு அறுவை செய்து ஐந்து மாதங்கள் ஆகின்றன. உடம்பு தேறிவிட்டது, ஆனால் குரல் தேறவில்லை. கம்மிப்போய், காற்று கலந்து வருகிறது. இரண்டு வகுப்புகள் எடுத்தால் மூன்றாவதில் பேச முடியவில்லை. மாணவர்களின் பெயர்களும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. நெஞ்சில் செய்த அறுவைக்கும் குரலுக்கும் என்ன தொடர்பு? நான் ஆசிரியராகத் தொடர முடியுமா?

பதில்: தொடர்பு மிக நேரடியானது. குரல் நாண்களை அசைக்கும் நரம்புகளில் இடப்பக்கத்து நரம்பு, மூளையிலிருந்து வரும் வழியில் தொண்டையோடு நின்றுவிடாமல் மார்புக்குள் இறங்கி, பெருந்தமனி வளைவின் அடியில் சுற்றிக்கொண்டு, திரும்ப மேலேறிக் குரல்வளைக்குப் போகிறது. வளைவில் கை வைக்கும்போது அந்த நரம்பு இழுபடலாம், நசுங்கலாம், சில வேளைகளில் பெரிதாகிவிட்ட வீக்கமே அறுவைக்கு முன்பாக அதை அழுத்திக் கெடுத்திருக்கலாம். நரம்பு செயலிழந்தால் இடப்பக்கக் குரல் நாண் அசையாமல் நின்று, இரண்டு நாண்களும் ஒன்றோடொன்று சேராமல், நடுவே காற்று கசிகிறது. நீங்கள் எழுதியிருப்பது போலக் கம்மலும் களைப்பும் வருவது அதனால்தான்.

இதை “அறுவை செய்த களைப்பு, தானே சரியாகும்” என்று யாராவது சொல்லியிருந்தால் அத்துடன் விட்டுவிடாதீர்கள். காது மூக்கு தொண்டை நிபுணர் சிறு குழாய்க் கருவியால் குரல் நாண்களை நேரடியாகப் பார்க்க வேண்டும். நரம்பு அறுபடாமல் இழுபட்டு மட்டும் இருந்தால் ஓராண்டு வரைகூடப் படிப்படியாகத் தேற வாய்ப்பு இருக்கிறது. அதுவரை பேச்சுப் பயிற்சியாளரிடம் மூச்சையும் குரலையும் இணைத்துப் பேசக் கற்றுக்கொள்வது மிகுந்த பலன் தரும். தேறாவிட்டாலும் வழி உண்டு: அசையாத நாணை ஊசி மூலமாகவோ சிறு அறுவை மூலமாகவோ நடுப்பக்கம் நகர்த்தி வைத்தால் மற்ற நாண் அதை எட்டித் தொட்டுக் குரல் பெருமளவு திரும்பும். இங்கே ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: தண்ணீர் குடிக்கும்போது புரையேறுகிறதா? அப்படியானால் நீர் நுரையீரலுக்குள் போகும் அபாயம் இருப்பதால் குரலைவிட அதுவே அவசரம். இந்த வாரமே காட்டுங்கள்.

இதற்கிடையில் வகுப்பறையில் சட்டையில் மாட்டிக்கொள்ளும் சிறிய மைக்கும் ஒலிபெருக்கியும் பயன்படுத்துங்கள். தொடர்ந்து வகுப்புகள் வராமல் இடையில் ஒரு பாடவேளை ஓய்வு இருக்கும்படி கால அட்டவணையை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். இது சலுகை அல்ல. கால் முறிந்தவர் ஊன்றுகோலோடு வருவதைப் போன்றதுதான்.

மறதியைப் பற்றி: வளைவில் அறுவை செய்யும்போது உடம்பைப் பல நேரங்களில் 18 முதல் 28 டிகிரி செல்சியஸ் வரை குளிர்வித்து, உடலின் பெரும்பகுதிக்கு ரத்த ஓட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்தி, மூளைக்கு மட்டும் தனியாக ரத்தம் செலுத்திக்கொண்டே வேலை செய்கிறார்கள். அப்படிப்பட்ட அறுவைக்குப் பின் சில மாதங்கள் நினைவும் கவனமும் மந்தமாக இருப்பது பலரும் சொல்லும் அனுபவம். பெரும்பாலோருக்கு ஆறு மாதங்களுக்குள் தெளிகிறது. உங்களுக்கு ஐந்து மாதம் ஆகிவிட்டதால் ரத்தசோகை, தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு, மாத்திரைகளின் அளவு ஆகியவற்றை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். பெயர்கள் தாமதமாக நினைவுக்கு வருவது வேறு; சொல்ல வந்த சொல்லே வராமல் குழறுவதும் ஒரு கை மட்டும் மரத்துப்போவதும் வேறு. பின்னது நேர்ந்தால் அது உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

நீங்கள் ஆசிரியராகத் தொடரலாம். நாள் முழுதும் நிற்பதாலும் நடப்பதாலும் உங்கள் பெருந்தமனிக்குத் தீங்கில்லை.

கேள்வி: என் கணவருக்கு வயது 53, கணக்காளர். பெருந்தமனிப் பிளவுக்கு அறுவை நடந்து ஏழு மாதங்கள் ஆகிவிட்டன. ஸ்கேன் நன்றாக இருக்கிறது, வேலைக்குப் போகலாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். ஆனால் அவர் வாசலைத் தாண்ட மறுக்கிறார். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை ரத்த அழுத்தம் பார்க்கிறார். நான் எதிர்த்துப் பேசினால் அழுத்தம் ஏறிவிடுமோ என்று பயந்து வாயை மூடிக்கொள்கிறேன். என்ன செய்வது?

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது கடைசி வரிதான். வீட்டில் இருவருமே அந்தக் கருவிக்கு அடங்கி வாழ்கிறீர்கள்.

எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு நொடியில் வந்து தாக்கிய நோய் இது என்பதால், மறுபடியும் அப்படியே வரும் என்று அவர் மனம் காத்திருக்கிறது. முதுகில் ஒரு சுளுக்கு, நெஞ்சில் ஆறிவரும் எலும்பின் குத்தல் என எதுவும் அவருக்கு அந்த இரவை நினைவுபடுத்தும். பயந்து அளக்கும்போது அளவு கூடுகிறது, கூடிய எண்ணைப் பார்த்துப் பயம் வளர்கிறது, மறுபடி அளக்கிறார். இதை அறிவுரையால் நிறுத்த முடியாது, விதியால் நிறுத்தலாம். காலையிலும் மாலையிலும் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பின் அளந்து குறித்துக்கொள்ளட்டும்; மற்ற நேரத்தில் கருவி உங்களிடம் இருக்கட்டும். கூடவே, எப்போது பயப்பட வேண்டும் என்பதையும் எழுதி ஒட்டுங்கள்: மார்பிலோ முதுகிலோ வயிற்றிலோ திடீரென்று வரும் கடும் வலி, மயக்கம், கை கால் செயலிழப்பது, பேச்சுக் குழறல், திடீர் மூச்சுத்திணறல். இவற்றில் எது வந்தாலும் அளவு பார்த்துக்கொண்டிருக்காமல் அவசர ஊர்தியை அழைக்க வேண்டும். எதற்குப் பயப்பட வேண்டும் என்பது தெளிவானால்தான் மற்றவற்றுக்குப் பயப்படாமல் இருக்க முடியும்.

பயம் முழுவதும் போன பிறகு வேலைக்குப் போவது என்று வைத்தால் அவர் போகவே மாட்டார். போகப் போகத்தான் பயம் குறையும். முதல் வாரம் வேலை எதுவும் செய்யாமல் அலுவலகம் வரை போய், அரை மணி நேரம் இருந்துவிட்டுத் திரும்பட்டும். முதல் இரண்டு முறை நீங்களும் உடன் போகலாம், மூன்றாவது முறை வேண்டாம். அடுத்து இரண்டு மணி நேரம், பிறகு அரை நாள். தூக்கத்தில் திடுக்கிட்டு எழுவதும், மருத்துவமனை இருக்கும் தெருவைக் கூடத் தவிர்ப்பதும் தொடர்ந்தால் மனநல மருத்துவரையோ உளவியல் ஆலோசகரையோ பார்க்கத் தயங்காதீர்கள். பேரிடரிலிருந்து தப்பியவர்களுக்கு வரும் அதே மனக்காயம்தான் இது, சிகிச்சைக்கு நன்றாகவே கட்டுப்படும்.

அவரிடம் ஒரு வரலாற்றைச் சொல்லுங்கள். பெருந்தமனிப் பிளவுக்கு அறுவை செய்யும் முறையை 1950-களில் உருவாக்கியவரும், டேக்ரான் குழாயைத் தையல் இயந்திரத்தில் தானே தைத்துப் பார்த்தவருமான அமெரிக்க அறுவை நிபுணர் மைக்கேல் டிபேக்கிக்கு, 2005-ஆம் ஆண்டின் கடைசி நாளில், 97-ஆவது வயதில், அதே பிளவு வந்தது. முதலில் அறுவை வேண்டாம் என்று இருந்தவருக்கு 2006 பிப்ரவரியில் அவருடைய சகாக்களே அறுவை செய்தார்கள். பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்து, நடக்கவே மறுபடி பழகி, பிறகு அவர் பணிக்குத் திரும்பினார். 2008 ஜூலையில், நூறு வயது நிறைவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போது காலமானார். இதை நான் சொல்வது வயதான ஒருவரோடு உங்கள் கணவரை ஒப்பிட அல்ல. இந்த நோயைப் பற்றி எல்லாம் அறிந்த ஒருவரே தயங்கியிருக்கிறார், தேறுவதற்கு அவருக்கும் பல மாதங்கள் ஆகியிருக்கின்றன என்று தெரிந்தால், தன் தயக்கத்துக்காக உங்கள் கணவர் வெட்கப்பட மாட்டார்.

நீங்கள் வாய்விட்டுப் பேசுங்கள். ஒரு வீட்டில் நடக்கும் சாதாரணக் கருத்து வேறுபாட்டைத் தாங்க முடியாதவருக்கு அவருடைய மருத்துவர் வேலைக்குப் போகலாம் என்று எழுதிக் கொடுத்திருக்க மாட்டார்.

கேள்வி: வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்குத் தொடை இடுக்கு வழியாக ஸ்டென்ட் குழாய் வைத்தார்கள். மூன்று வாரத்தில் வேலைக்குப் போய்விட்டேன். நான் அவசரப்பட்டுவிட்டேனா?

பதில்: இல்லை. வயிற்றைத் திறக்காமல் செய்யும் இந்த முறையில் இரண்டு முதல் நான்கு வாரங்களில் மேசை வேலைக்குத் திரும்புவது வழக்கம்தான். வயிற்றைத் திறந்து செய்திருந்தால் 6 முதல் 12 வாரங்கள் ஆகியிருக்கும், குடலிறக்கம் வராமலிருக்கப் பாரம் தூக்குவதை அதற்கும் மேலே தள்ளிப்போட வேண்டியிருக்கும். ஆனால் சீக்கிரம் எழுந்துவிட்டதால் சிறிய சிகிச்சை என்று நினைத்துவிடாதீர்கள்: உங்களுக்கு வீங்கிய பகுதியை வெட்டி எடுக்கவில்லை, உள்ளே புறணி போட்டிருக்கிறார்கள். புறணியின் ஓரமாக ரத்தம் மறுபடி வீக்கத்துக்குள் கசியலாம், அதற்கு வலி இருக்காது. ஸ்கேனில் மட்டுமே தெரியும்.

கேள்வி: கனரக வாகன ஓட்டுநர் நான், வயது 39. பெருந்தமனியின் அடிப்பகுதியையும் வால்வையும் சேர்த்து மாற்றி, உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறேன். மீண்டும் நெடுந்தூரம் ஓட்டலாமா?

பதில்: சொந்தக் காரை ஓட்டுவதும் தொழிலாகக் கனரக வாகனம் ஓட்டுவதும் சட்டத்தின் பார்வையில் ஒன்றல்ல. சொந்த வாகனத்தை மார்பெலும்பு ஓரளவு தேறிய பிறகு, அதாவது ஆறு வாரத்துக்குக் குறையாமல் பொறுத்து, மருத்துவர் அனுமதியோடு ஓட்டலாம். தொழில்முறை உரிமத்துக்கு ஒவ்வொரு நாட்டிலும் தனி விதிகளும் மருத்துவத் தகுதிச் சோதனைகளும் உள்ளன. உரிமம் வழங்கும் துறையிடம் அறுவையைப் பற்றித் தெரிவித்து அனுமதி பெறாமல் ஓட்டாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீடு மறுக்கப்படலாம் என்பதைவிட, வண்டிக்கு முன்னால் இருப்பவர்களின் உயிர் என்பதே எனக்குப் பெரிய காரணம்.

அனுமதி கிடைத்த பிறகும் நெடுந்தூர வேலையில் எனக்குக் கவலை தருவது சக்கரத்தைப் பிடிப்பது அல்ல, மாத்திரைதான். ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். அளவு, வால்வு பெருந்தமனி இடத்தில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டும். உங்களுக்கு எழுதிக் கொடுத்த வரம்பே முக்கியம். வழியில் இரண்டு நாள் மாத்திரை தவறினால் வால்வில் ரத்தம் உறையலாம், அதிகமானால் மூளையிலோ குடலிலோ கசியலாம். ஊர் ஊராகப் போகும் வேலையில் நேரத்துக்கு மாத்திரையும் தவணை தவறாத ரத்தப் பரிசோதனையும் சாத்தியமா என்று யோசித்து, முடியாவிட்டால் அன்றன்று வீடு திரும்பும் பாதைக்கு மாறிக்கொள்ளுங்கள். பரிசோதனை தேவைப்படாத புதிய உறைவுத் தடுப்பு மாத்திரைகளை யாராவது சிபாரிசு செய்தால், உலோக வால்வு உள்ளவர்கள் அவற்றைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். சரக்கை ஏற்றி இறக்குவதும், கயிற்றை முழு பலத்தோடு இழுத்துக் கட்டுவதும் இனி மற்றவர் வேலை. தலையில் அடிபட்டால், நன்றாக இருப்பதாகத் தோன்றினாலும் மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி: பெருந்தமனிச் சுவர் போன்ற திசுக்களைப் பிறவியிலேயே பலவீனமாக்கும் மார்ஃபன் நோய் எனக்கு இருப்பதால் பெருந்தமனியின் அடிப்பகுதியை முன்கூட்டியே மாற்றிவிட்டார்கள். வயது 27. புதிய நிறுவனத்தில் சேரப் போகிறேன். எவ்வளவு சொல்ல வேண்டும்? சொன்னால் வேலை போய்விடுமோ என்று பயம்.

பதில்: நோயின் பெயரைச் சொல்வது உங்கள் விருப்பம்; சட்டமோ பணியின் தன்மையோ கேட்கும் இடங்களில் மறைக்கக்கூடாது. மேலாளருக்குத் தெரிய வேண்டியது நோயின் வரலாறு அல்ல, வேலையில் அதன் விளைவு என்ன என்பதே. “மார்பில் அறுவை செய்துகொண்டிருக்கிறேன், பாரம் தூக்கக்கூடாது, ஆண்டில் சில நாட்கள் பரிசோதனைக்கு விடுப்பு வேண்டும், மற்ற எல்லா வேலையையும் முழுமையாகச் செய்வேன்” என்ற அளவில் மருத்துவரிடம் எழுதி வாங்கிக் கொடுத்தால் பெரும்பாலும் போதும்.

ஆனால் பக்கத்து மேசையில் இருக்கும் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் முழு உண்மையைச் சொல்லி வையுங்கள். நீங்கள் மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலியில் பேச முடியாமல் போனாலோ, “இவர் பெருந்தமனி அறுவை செய்துகொண்டவர், மார்ஃபன் நோய் உண்டு” என்று அவர் சொல்லும் ஒரு வாக்கியம் சிகிச்சையையே மாற்றும். இளம் வயதினரின் நெஞ்சு வலியை வாயுத் தொல்லை என்று அனுப்பிவிடுவதும் உண்டு. மாரடைப்பு என்று எண்ணி ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்து கொடுத்துவிட்டால், உண்மையில் இருப்பது பெருந்தமனிப் பிளவாக இருக்கும்போது அது உயிரைப் பறிக்கக்கூடும். இதே விவரத்தை ஓர் அட்டையில் எழுதிப் பையிலும் வைத்திருங்கள். சிப்ரோஃபிளாக்சசின், லெவோஃபிளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்குகளை வேறு வழி இருக்கும்போது தவிர்க்க வேண்டும் என்பதையும் அதே அட்டையில் சேருங்கள். பெருந்தமனி பலவீனமானவர்களுக்கு இவற்றால் ஆபத்து கூடலாம் என்று அமெரிக்க மருந்து நிர்வாகம் 2018 டிசம்பரில் எச்சரித்தது. சளிக்குக் கடையில் வாங்கும் மூக்கடைப்பு மாத்திரைகளும் ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை.

கேள்வி: பெருந்தமனிப் பிளவுக்கு அறுவை முடிந்து நான்கு ஆண்டுகள். முழு நேரம் வேலை செய்கிறேன், எந்தத் தொல்லையும் இல்லை. விடுப்பு எடுத்து ஆண்டுதோறும் ஸ்கேன் எடுப்பதை நிறுத்திவிடலாமா?

பதில்: நிறுத்த வேண்டாம். பெருந்தமனி மெல்ல விரியும்போது வலிக்காது. நீங்கள் முழு நேரம் வேலை செய்கிறீர்கள் என்பது உங்கள் இதயமும் தசைகளும் நன்றாக இருப்பதைச் சொல்கிறதே தவிர, கீழ்ப்பகுதியின் அகலத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பல ஆண்டுகள் மாறாமல் இருந்தால் இடைவெளியை நீட்டலாமா என்று மருத்துவரே முடிவு செய்வார்; கதிர்வீச்சு பற்றிக் கவலை இருந்தால் சி.டி.க்குப் பதிலாக எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா என்றும் கேளுங்கள், டேக்ரான் குழாயும் மார்பெலும்புக் கம்பிகளும் பொதுவாக அதற்குத் தடையாக இருப்பதில்லை. முந்தைய ஸ்கேன்களின் பிரதிகளையும் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் இந்த ஆண்டின் எண்ணைவிடச் சென்ற ஆண்டுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவர் பார்ப்பார்.